அரை மணி நேர ஆபரேஷன்... ஆறு மாதக் காத்திருப்பு! - சியோலின் 'கண் இமை'த் தெருவில் ஒரு நடை

நவம்பர் மாத நடுவில் ஒரு வியாழக்கிழமை. தென்கொரியாவே மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறது. பங்குச் சந்தை ஒரு மணி நேரம் தாமதமாகத் திறக்கிறது. ஆங்கிலத்தைக் காதால் கேட்டு விடையெழுதும் பகுதி நடக்கும்போது விமானங்கள் ஏறுவதும் இல்லை, இறங்குவதும் இல்லை. தாமதமாகிவிட்ட மாணவர்களைப் போலீஸ்காரர்களே பைக்கில் ஏற்றிக்கொண்டு பறக்கிறார்கள். 'சுனுங்' எனப்படும் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு நாள் அது. நம்மூர் ப்ளஸ் டூவும் நீட்டும் சேர்ந்து ஒரே நாளில் வந்தால் எப்படியிருக்கும்? கிட்டத்தட்ட அப்படி.

தேர்வு முடிந்ததும் தலைநகர் சியோலின் தெற்குப் பகுதியில் இன்னொரு சீஸன் தொடங்குகிறது. பரீட்சை முடித்த பிள்ளைக்கு நம் வீடுகளில் புது போன் வாங்கித் தருவோம். வசதி இருந்தால் ஸ்கூட்டி. அங்கே பல வீடுகளில் தரும் பரிசு, கண் இமை ஆபரேஷன்! தேர்வு ஹால் டிக்கெட்டைக் காட்டினால் தள்ளுபடி தரும் கிளினிக்குகளும் உண்டு. கல்லூரி திறப்பது மார்ச் மாதம்தான். அதற்குள் வீக்கம் வடிந்துவிடும் என்பது கணக்கு.

அந்தக் கணக்கு சரிதானா? இமை ஆபரேஷனில் உண்மையில் என்ன நடக்கிறது? கே டிராமா பார்த்துவிட்டு, 'ஒருமுறை கொரியா போய் வந்தால் என்ன' என்று யோசிப்பவர்களும், அப்பா அம்மாவின் தொங்கும் இமைகளைப் பார்த்துக் கவலைப்படுபவர்களும் சேர்ந்தே இந்தத் தெருவில் நடக்கலாம்.

கட்டடம் முழுக்கக் கண்கள்

சியோல் மெட்ரோவின் ஆரஞ்சு நிற 3-ம் எண் தடத்தில் அப்குஜோங், சின்சா என்று அடுத்தடுத்து இரண்டு ஸ்டேஷன்கள். 2012-ல் உலகையே ஆட்டிவைத்த 'கங்னம் ஸ்டைல்' பாட்டில் வரும் அதே கங்னம் மாவட்டம்தான். இந்த இரண்டு ஸ்டேஷன்களையும் சுற்றியுள்ள பகுதிக்கு 'பியூட்டி பெல்ட்' என்று செல்லப்பெயர்.

நிமிர்ந்து பார்த்தால் பெயரின் காரணம் புரியும். ஒரே கட்டடத்தில் இரண்டாம் மாடி தோல் மருத்துவம், மூன்றாம் மாடி கண் இமை, நான்காம் மாடி மூக்கு, ஐந்தாம் மாடி தாடை என்று கிளினிக்குகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. கீழ்த்தளத்தில் மருந்துக்கடை, பக்கத்தில் காபி கடை. தொப்பியை இழுத்துவிட்டு, மாஸ்க் போட்டு, பெரிய கறுப்புக் கண்ணாடியோடு ஒருவர் கடந்து போனால் இந்தத் தெருவில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. மூக்கில் பிளாஸ்திரியோடு காபி வாங்குவதும் இங்கே சாதாரணக் காட்சி.

சில ஆண்டுகளுக்கு முன்புவரை ஸ்டேஷன் சுவர்களிலேயே 'ஆபரேஷனுக்கு முன்', 'ஆபரேஷனுக்குப் பின்' படங்கள் வரிசைகட்டி நின்றன. பயணிகளிடமிருந்து புகார்கள் குவிந்தன. அழகு ஆபரேஷன் விளம்பரங்களைப் படிப்படியாக நிறுத்தப்போவதாக மெட்ரோ நிர்வாகம் 2017-ல் அறிவித்தது. விளம்பரங்கள் இப்போது சுவரிலிருந்து போனுக்குள் குடியேறிவிட்டன. 'கங்னம் அக்கா' என்று பொருள்படும் 'கங்னம் உன்னி' ஆப்பில் கிளினிக்குகளையும் விலையையும் அனுபவக் குறிப்புகளையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டே பலர் படியேறுகிறார்கள்.

வெளிநாட்டுக் கூட்டமும் குறைவில்லை. 2024-ல் கொரியாவுக்குச் சிகிச்சைக்காக வந்த வெளிநாட்டவர் 11 லட்சத்துக்கும் மேல். தோல் சிகிச்சைக்கு வந்தவர்களே அதிகம். அடுத்த இடம் பிளாஸ்டிக் சர்ஜரிக்கு.

கடற்புறாக்களோடு ஓய்வெடுக்க வந்தவர்

'அப்குஜோங்' என்றால் கடற்புறாக்களோடு நட்பாக இருக்கும் மண்டபம் என்று பொருள். 15-ம் நூற்றாண்டில் ஜோசோன் அரசவையில் செல்வாக்கோடு இருந்த ஹான் மியோங் ஹ்வே என்ற அமைச்சர், பதவியெல்லாம் போதும் என்று ஓய்வெடுப்பதற்காக ஹான் நதிக்கரையில் கட்டிய மண்டபம் அது. இன்று மண்டபம் இல்லை. அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு நடுவே, அது இருந்த இடத்தைச் சொல்லும் ஒரு கல் மட்டும் நிற்கிறது.

அறுபது ஆண்டுகளுக்கு முன்பு இந்த இடமெல்லாம் வயலும் பேரிக்காய்த் தோட்டமும்தான். 1969-ல் நதியின் மேல் பாலம் வந்தது. 1970-ல் பூசானுக்கு நெடுஞ்சாலை திறந்தது. 70-களின் நடுவில் அடுக்குமாடிகள் எழுந்தன. 1978-ல் எடுக்கப்பட்ட ஒரு புகைப்படம் கொரியாவில் மிகப் பிரபலம். பின்னால் புத்தம் புதிய அடுக்குமாடிகள், முன்னால் மாட்டைப் பூட்டி உழுதுகொண்டிருக்கும் விவசாயி. ஏரும் எருதும் இருந்த இடத்தில் அடுத்த ஒரு தலைமுறைக்குள் கத்தியும் ஊசியும் வந்துவிட்டன.

ஒரு மடிப்பின் கதை

கண்ணாடி முன் நின்று கண்ணை மெதுவாகத் திறந்து பாருங்கள். மேல் இமையில் ஒரு கோடு விழுகிறதா? நம்மில் பெரும்பாலானவர்களுக்கு விழும். கிழக்காசியாவில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு அந்தக் கோடு இருக்காது என்று சொல்லப்படுகிறது. கோடு இருந்தால் கொரிய மொழியில் 'சங்கப்புல்', அதாவது இரட்டை இமை. இல்லாவிட்டால் ஒற்றை இமை.

இது நோயும் அல்ல, குறையும் அல்ல. மேல் இமையைத் தூக்கும் தசையின் இழைகள் சிலருக்கு இமைத் தோலோடு ஒட்டியிருக்கும். கண் திறக்கும்போது தசை இழுக்க, தோலும் உள்ளே மடிந்து கோடு விழும். அந்த ஒட்டுதல் இல்லாதவர்களுக்குத் தோல் வழுவழுப்பாக அப்படியே இறங்கி நிற்கும். அவ்வளவுதான் வித்தியாசம். பார்வை இரண்டிலும் ஒன்றுதான்.

இல்லாத மடிப்பை உண்டாக்கும் ஆபரேஷனை 1896-லேயே ஜப்பானிய மருத்துவர் மிகாமோ பதிவு செய்திருக்கிறார். அவரிடம் வந்த பெண்ணுக்கு ஒரு கண்ணில் மடிப்பு இருந்தது, இன்னொன்றில் இல்லை. இரண்டையும் ஒன்றுபோல ஆக்கினார். கொரியாவில் இந்த ஆபரேஷனின் கதையைச் சொல்பவர்கள் வழக்கமாக டேவிட் ரால்ஃப் மில்லார்டிடமிருந்து தொடங்குவார்கள். கொரியப் போர் முடிந்தபின் 1954-ல் அமெரிக்கப் படைகளோடு வந்த பிளாஸ்டிக் சர்ஜன் அவர். போரில் சிதைந்த முகங்களைச் சீராக்கியவர். உதட்டுப் பிளவை இணைக்க அவர் உருவாக்கிய முறையை உலகமே பின்பற்றியது. அவரே இமை ஆபரேஷனும் செய்தார், அதைப் பற்றி எழுதவும் செய்தார். கிழக்கின் கண்ணை மேற்கின் கண்ணாக்கும் பார்வை அவர் எழுத்தில் இருந்ததாக இன்றுவரை விமர்சனம் உண்டு. எங்கள் மக்களில் பாதிப் பேருக்கு இயற்கையாகவே இருக்கும் மடிப்பைத்தான் செய்கிறோம், யாரையும் வெள்ளைக்காரர் ஆக்கவில்லை என்பது கொரிய மருத்துவர்கள் பலரின் பதில். அந்த வாதம் இன்னும் முடியவில்லை.

கொசுவமும் ஊக்கும்

ஆபரேஷனில் முக்கியமாக இரண்டு வகை உண்டு. புடவை கட்டுபவர்களுக்கு எளிதாகப் புரியும். கொசுவம் மடித்து ஊக்கு குத்தினாலும் நிற்கும். அதே மடிப்பை ஊசி நூலால் தைத்துவிட்டாலும் நிற்கும். முதலாவது சுலபம், வேண்டாமென்றால் கழற்றவும் முடியும், ஆனால் நழுவலாம். இரண்டாவது உறுதி, ஆனால் பிரிப்பது கஷ்டம்.

ஊக்கு மாதிரியானது நூல் முறை. இமையில் ஊசிமுனை அளவுக்குச் சில துளைகள் போட்டு, மெல்லிய நூலைச் செலுத்தி, தோலையும் உள்ளே இருக்கும் தசைப் பகுதியையும் முடிச்சிடுகிறார்கள். இருபது, முப்பது நிமிடங்களில் முடிந்துவிடும். தழும்பு தெரியாது. மெல்லிய இமை உள்ளவர்களுக்குப் பொருந்தும். சில வருடங்களில் நூல் தளர்ந்து மடிப்பு மங்கிப்போகும் வாய்ப்பும் உண்டு.

தைத்துவிடுவது போன்றது வெட்டு முறை. மடிப்பு வர வேண்டிய இடத்தில் தோலைக் கீறி, தேவைப்பட்டால் கூடுதல் தோலையும் கொழுப்பையும் எடுத்து, உள்ளே ஒட்டவைத்துத் தைக்கிறார்கள். ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். தடித்த இமைக்கும், தோல் தளர்ந்த வயதானவர்களுக்கும் இதுதான் சரி. நீண்ட நாள் நிற்கும். மெல்லிய தழும்பு இருக்கும், அது மடிப்புக்குள் மறைந்துகொள்ளும். இரண்டுக்கும் நடுவே, சிறிதாகக் கீறிச் செய்யும் முறையும் உண்டு.

எது வேண்டும் என்பதை ஆப்பில் பார்க்கும் விலை தீர்மானிக்கக் கூடாது. இமைத் தோலின் தடிமன், கொழுப்பு, தசையின் பலம் ஆகியவற்றைத் தொட்டுப் பார்க்கும் மருத்துவர்தான் தீர்மானிக்க வேண்டும்.

முதலில் வருபவர் டாக்டர் அல்ல!

கிளினிக் கதவைத் திறந்தால் ஸ்டார் ஹோட்டல் வரவேற்பறை மாதிரி இருக்கும். படிவம் நிரப்பியதும் பல இடங்களில் முதலில் பேச வருபவர் 'ஷில்ஜாங்' எனப்படும் ஆலோசனை மேனேஜர். சிரித்த முகம், இனிமையான பேச்சு. கண்ணுக்கு வந்தவரிடம், மூக்கையும் சேர்த்துச் செய்தால் விலை குறையும் என்று சொல்லவும் தயங்காதவர். ஜவுளிக்கடையில் ஒரு புடவைக்குப் போய் மூன்றோடு திரும்பும் அனுபவம் இருப்பவர்கள் இங்கே சுதாரித்துக்கொள்ளலாம். அன்றைக்கே முன்பணம் கட்டினால் தள்ளுபடி என்பதும் அதே வகைதான்.

மருத்துவரின் அறையில்தான் உண்மையான வேலை தொடங்குகிறது. மெல்லிய கம்பி ஒன்றால் இமையை அழுத்தி, மடிப்பு எந்த உயரத்தில் விழுந்தால் எப்படித் தெரியும் என்று கண்ணாடியில் காட்டுவார். ஒரு மில்லிமீட்டர் ஏறினாலும் இறங்கினாலும் முகம் மாறும். நட்சத்திரத்தின் போட்டோவை நீட்டி இதே மாதிரி வேண்டும் என்பவர்களிடம், உங்கள் இமைக்கு இது வராது என்று சொல்லும் மருத்துவர் கிடைத்தால் அவரை விட்டுவிடக் கூடாது.

இங்கே கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. கத்தியைப் பிடிக்கப்போவது யார்?

கேள்விக்குக் காரணம் இருக்கிறது. பிரபல மருத்துவர் ஆலோசனை தந்துவிட்டு, நோயாளி மயக்கத்தில் இருக்கும்போது வேறொருவர் ஆபரேஷன் செய்த சம்பவங்கள் கொரியாவை உலுக்கியிருக்கின்றன. 'பேய் டாக்டர்' என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது. 2016-ல் தாடை ஆபரேஷனுக்குப் போன ஒரு கல்லூரி மாணவர் கோமாவில் விழுந்து இறந்தார். ஆபரேஷன் அறையின் சிசிடிவி பதிவை அவருடைய அம்மா திரும்பத் திரும்பப் பார்த்தார். பெற்ற பிள்ளையின் கடைசி ஆபரேஷனை நிமிடம் நிமிடமாகக் குறித்துவைத்துக்கொண்டு நீதி கேட்டுப் போராடினார். அவரைப் போன்றவர்களின் போராட்டத்தால், நோயாளி நினைவிழந்த நிலையில் ஆபரேஷன் நடக்கும் அறைகளில் கேமரா கட்டாயம் என்ற சட்டம் 2021-ல் நிறைவேறியது. 2023 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. நோயாளி கேட்டால் பதிவு செய்ய வேண்டும். கேட்கலாம் என்பது பல வெளிநாட்டவருக்குத் தெரிவதில்லை.

பெயர்ப்பலகையிலும் ஒரு சூட்சுமம் உண்டு. பிளாஸ்டிக் சர்ஜரியில் சிறப்புப் பட்டம் பெற்றவரின் கிளினிக்தான் 'சோங்ஹ்யோங் ஓய்க்வா' என்ற சொல்லைத் தன் பெயரிலேயே வைத்துக்கொள்ள முடியும். மற்ற மருத்துவர்கள் பெயரை வேறு மாதிரி வைத்து, 'சிகிச்சைப் பிரிவு' என்று தனியாக எழுதி அதன் பக்கத்தில்தான் அந்தச் சொல்லைப் போட வேண்டும். மொழி தெரியாதவருக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். தெரிந்தவரைக் கூட்டிப்போய்ப் படிக்கச் சொல்வது நல்லது.

'கண்ணைத் திறங்க... மூடுங்க...'

ஆபரேஷன் நாளில் மேக்கப், கான்டாக்ட் லென்ஸ் எதுவும் கூடாது. ஆஸ்பிரின் போன்ற ரத்தத்தை இளக்கும் மாத்திரைகள் சாப்பிடுபவர்கள் அதை முன்பே சொல்லியிருக்க வேண்டும். தானாகவும் நிறுத்தக் கூடாது. சித்த மருந்து, மூலிகை, மீன் எண்ணெய் மாத்திரை சாப்பிட்டாலும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

முதலில் இமையில் பேனாவால் கோடு வரைவார்கள். அதன்பின் சில நிமிடங்களுக்குத் தூக்க மருந்து. ஆகவே வெறும் வயிற்றோடு வரச் சொல்வார்கள். அந்த நேரத்தில் இமையில் மரத்துப்போகும் ஊசி. மொத்தத்தில் வலி என்று சொன்னால் அந்த ஊசிதான். பாதியில் எழுப்பிவிடுவார்கள். கண்ணைத் திறங்க, மூடுங்க, மேலே பாருங்க என்று குரல் வரும். சில இடங்களில் உட்காரவைத்தும் பார்ப்பார்கள். படுத்திருக்கும்போது விழும் மடிப்பு வேறு, உட்கார்ந்தால் விழும் மடிப்பு வேறு. இரண்டு கண்ணும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க நோயாளியின் உதவி தேவை. வலி இருக்காது, ஆனால் இழுப்பது தெரியும், விளக்கு வெளிச்சம் தெரியும். இது முன்பே தெரிந்திருந்தால் பதற்றம் குறையும்.

முடிந்ததும் சிறிது நேரம் ஐஸ் ஒத்தடம். பெரும்பாலானவர்கள் அன்றைக்கே நடந்தே வெளியே வருகிறார்கள்.

பூசணிச் சாறும் ஏழு நாளும்

கண்ணாடியைப் பார்த்ததும் முதலில் வருவது அதிர்ச்சிதான். இமை வீங்கி, சிவந்து, நீலம் பாய்ந்திருக்கும். இரண்டாவது, மூன்றாவது நாள் காலை வீக்கம் உச்சத்தில் இருக்கும். கொரிய இளைஞர்கள் இதைக் கிண்டலாக 'சாஸேஜ் கண்' என்கிறார்கள். தலையணையை உயர்த்திப் படுப்பது, முதல் இரண்டு நாள் குளிர்ந்த ஒத்தடம், உப்பைக் குறைப்பது, குனிந்து வேலை செய்யாமல் இருப்பது என்று வீட்டு வைத்தியமாக இருந்தாலும் மருத்துவர்கள் சொல்வதும் இதைத்தான்.

இந்த வாரத்துக்கென்றே ஒரு பொருள் உண்டு. மஞ்சள் பூசணிச் சாறு! வீக்கத்தை வடிக்கும் என்று கொரியப் பாட்டிகள் காலங்காலமாக நம்புகிறார்கள். பிள்ளை பெற்ற பெண்களுக்குத் தருவதும் இதையே. ஆபரேஷன் முடித்துப் போகிறவர்களுக்குப் பூசணிச் சாறு பாக்கெட்டைக் கையில் கொடுத்தனுப்பும் கிளினிக்குகளும் இருக்கின்றன. நம் வீட்டுப் பத்தியச் சாப்பாடு மாதிரிதான். வீக்கத்தை உண்மையில் வடிப்பது நாள் கணக்குதான் என்றாலும், சுடச்சுடப் பூசணிக் கஞ்சி குடிப்பதில் கெடுதல் ஒன்றும் இல்லை.

வெட்டு முறை என்றால் ஐந்து முதல் ஏழாவது நாளுக்குள் தையல் பிரிப்பார்கள். மூன்றே நாள் டூரில் ஆபரேஷனையும் முடித்துவிடலாம் என்று டிக்கெட் போடுபவர்கள் செய்யும் பெரிய தவறு இங்கேதான். தையல் பிரிக்கும்வரை, அதற்குப் பிறகும் ஓரிரு நாள் ஊரில் இருப்பதுதான் பாதுகாப்பு. கொரியா போனவர்கள் தவறவிடாத 'ஜிம்ஜில்பாங்' நீராவிக் குளியல் அறைகளுக்கும் ஒரு மாதம் தடை. சோஜு உள்ளிட்ட மது வகைகளுக்கும் தடை.

ஒன்றை மட்டும் மறக்கவே கூடாது. கண்ணில் திடீரென்று கடுமையான வலி, கண் வெளியே தள்ளுவது போன்ற உணர்வு, பார்வை மங்கல் வந்தால் அது 'காலையில் பார்த்துக்கொள்ளலாம்' என்கிற விஷயம் அல்ல. கண்ணுக்குப் பின்னால் ரத்தம் தேங்கினால் பார்வையே போய்விடலாம். மிக அரிது, ஆனால் நடக்கக்கூடியது. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கண்ணாடி சொல்லும் உண்மை

ஒரு மாதத்தில் வெளியே போய் வரும் அளவுக்கு முகம் தெளியும். மடிப்பு இயல்பாக அமர மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். வெட்டுத் தழும்பு மங்க ஒரு வருடம்கூட ஆகலாம். ஒரு கண் முதலில் வடிந்து, மற்றது பின்தங்குவதும் சகஜம். 'ஒரு கண் பெரிசு, ஒரு கண் சின்னது' என்று இரண்டாவது வாரத்தில் அழுபவர்களில் பலர் மூன்றாவது மாதத்தில் சமாதானமாகிவிடுகிறார்கள்.

எல்லோரும் அல்ல. மடிப்பு மிக உயரமாக விழுவது, இரண்டு கண்ணும் ஒத்துப்போகாமல் நிற்பது, தூங்கும்போது இமை முழுதாக மூடாதது, கண் உலர்ந்து எரிவது ஆகியவை நடக்கின்றன. திருத்தும் ஆபரேஷன் உண்டு. ஆனால் அதற்கும் பொதுவாக ஆறு மாதமாவது பொறுக்க வேண்டும். முதல் ஆபரேஷனைவிட அது கடினம். எடுத்த தோலைத் திரும்ப வைக்க முடியாது. அப்குஜோங்கில் 'திருத்த ஆபரேஷன் ஸ்பெஷலிஸ்ட்' என்று தனியாகப் பலகை தொங்கும் கிளினிக்குகள் பல இருப்பதே, எல்லோருக்கும் முதல் தடவையே சரியாக வருவதில்லை என்பதற்குச் சாட்சி.

அதிபரும் செய்துகொண்டார்

இது இளம்பெண்களின் சமாசாரம் மட்டும் என்று நினைத்தால் தவறு. 2005-ல் கொரிய அதிபர் ரோ மூ ஹ்யுன் பதவியில் இருக்கும்போதே இமை ஆபரேஷன் செய்துகொண்டார். இமை தொங்கி இமை முடி கண்ணைக் குத்தியதே காரணம். ஆபரேஷனுக்குப்பின் அவர் கண்ணில் புதுக் கோடு விழ, நாடே அதைப் பற்றிப் பேசியது.

நம்மூர் வாசகர்களுக்கு நெருக்கமானது இந்தப் பகுதிதான். வயதாக ஆக மேல் இமைத் தோல் தளர்ந்து கண்ணின் மேல் சரியும். டி.வி பார்க்கும்போது அப்பா நெற்றியைச் சுருக்கிப் புருவத்தைத் தூக்கிக்கொண்டே இருக்கிறாரா? பக்கவாட்டில் வரும் வண்டி அம்மாவுக்குச் சரியாகத் தெரியவில்லையா? இமை பார்வையை மறைக்கிறதா என்று பரிசோதிக்க வேண்டும். இதற்குச் சியோல் போக வேண்டியதில்லை. நம் ஊரின் பெரிய கண் மருத்துவமனைகளில் 'ஆக்குலோபிளாஸ்டி' என்ற தனிப் பிரிவே இருக்கிறது. ஒரு பக்க இமை மட்டும் திடீரென்று தொங்கினால் அது அழகுப் பிரச்னை அல்ல, நரம்புப் பிரச்னையாக இருக்கலாம். அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

ஒற்றை இமையும் அழகுதான்!

இதே கொரியாவில் எதிர்க்காற்றும் வீசுகிறது. வேலை விண்ணப்பத்தில் போட்டோ ஒட்டுவது அங்கே நெடுநாள் வழக்கம். முகம் பார்த்து வேலை தருகிறார்கள் என்ற கோபம் வளர்ந்தபோது, அரசுத் துறை நிறுவனங்களில் போட்டோ இல்லாத விண்ணப்ப முறை 2017-ல் வந்தது. 2018-ல் இளம்பெண்கள் பலர் மேக்கப் பொருள்களை உடைத்துப்போட்டுப் படமெடுத்து, அழகு என்ற கட்டாயத்திலிருந்து விடுதலை கேட்டார்கள். பனிச்சறுக்கு நடனத்தில் 2010 ஒலிம்பிக் தங்கம் வென்ற கிம் யூனா, 'பாரசைட்' படத்தின் பார்க் சோ டாம், 'காப்ளின்' தொடரின் கிம் கோ யுன் என ஒற்றை இமை அழகிகளாகக் கொரியர்கள் கொண்டாடும் முகங்களும் உண்டு. ஆபரேஷன் கேட்டு வருபவர்களிலும், செய்ததே தெரியாத தாழ்ந்த மடிப்பைக் கேட்பவர்கள் அதிகரித்திருக்கிறார்கள்.

போகிறவர்கள் கவனிக்க...

* இந்தியர்களுக்கு விசா கட்டாயம். 90 நாள்களுக்கு உட்பட்ட சிகிச்சைக்கு சி-3-3 என்ற மருத்துவ விசா இருக்கிறது.
* வெளிநாட்டு நோயாளிகளை வரவழைக்கும் கிளினிக்கும் ஏஜென்டும் கொரிய அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.
* 'ஆலோசனை தந்தவரே ஆபரேஷன் செய்வார்' என்பதை எழுத்தில் வாங்குங்கள். மயக்க மருந்து கொடுப்பது யார், அவசர உதவி எங்கே என்று கேளுங்கள்.
* கண் உலர்வு, தைராய்டு, ரத்தக்கொதிப்பு, சர்க்கரை, சமீபத்திய லேசிக் சிகிச்சை எதையும் மறைக்காதீர்கள்.
* ஊருக்குத் திரும்பியபின் பிரச்னை வந்தால் யார் பார்ப்பார்கள்? இதற்குப் பதில் தெரியாமல் விமானம் ஏறக் கூடாது.
* பிரச்னை பெரிதானால் 2012 முதல் இயங்கும் கொரிய மருத்துவத் தகராறு தீர்வு அமைப்பிடம் வெளிநாட்டவரும் முறையிடலாம். எல்லா ரசீதுகளையும் பத்திரப்படுத்துங்கள்.

அம்மாவின் பழைய கண்

சின்சா ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் 'கரோசுகில்' என்ற தெரு. இருபுறமும் கிங்கோ மரங்கள். நவம்பரில் தெரு முழுக்க மஞ்சள் இலைகள். தேர்வு முடித்த மகள்களும் அவர்களின் அம்மாக்களும் அந்த இலைகளை மிதித்துக்கொண்டுதான் கிளினிக்குகளுக்குப் போகிறார்கள்.

அந்த அம்மாக்களில் சிலர் தங்கள் இளமையில் இதே ஆபரேஷனைச் செய்துகொண்டவர்கள். ஆனால், நூலும் கத்தியும் போட்ட மடிப்பு பிள்ளைகளுக்குப் போய்ச் சேர்வதில்லை. மகளுக்குக் கிடைப்பது அம்மாவின் பழைய கண்தான். ஆல்பத்தில் ஆபரேஷனுக்கு முந்தைய போட்டோ ஒன்று மிச்சமிருந்தால், அதிலிருப்பது மகளின் கண்.

ஆபரேஷன் வேண்டுமா வேண்டாமா என்பதை அந்தக் குடும்பம்தான் முடிவு செய்ய வேண்டும். 19 வயது நிறையாதவர் என்றால் பெற்றோர் சம்மதிக்காமல் கிளினிக்கும் கை வைக்காது. வேண்டும் என்று முடிவெடுப்பவர்களுக்குக் கத்தி அரை மணி நேரத்தில் வேலையை முடித்துவிடும். அதற்குமுன் யோசிக்க எவ்வளவு நாள் எடுத்துக்கொண்டாலும், அதற்காக எந்த மருத்துவரும் கட்டணம் கேட்பதில்லை. நல்ல மருத்துவர் என்றால், வீட்டுக்குப் போய் யோசித்துவிட்டு வா என்று அவரே சொல்லி அனுப்புவார்.